மூங்கில் முள் கீறிய புண்: சயாம்–பர்மா ரயில் பாதையின் கைதி ஓவியங்கள்

(சற்றே நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல், கலை வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

தமிழ் மரபு போர்ப் புண்ணை இரண்டாகப் பகுத்தது. எதிர்நின்று மார்பில் ஏற்றது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது நாணம். இரண்டுமே களத்தில் பெறப்படுபவை. இரண்டிலும் ஆயுதம் ஏந்திய எதிரி ஒருவன் உண்டு. சரணடைந்து, ஆயுதத்தை ஒப்படைத்து, கைதியாகிவிட்ட படைவீரனின் காலில் சிறைமுகாமில் தோன்றும் புண்ணுக்கு இந்தப் பாகுபாட்டில் பெயர் இல்லை. ஐரோப்பியப் போர்க்கள ஓவிய மரபும் நெடுங்காலம் தளபதியின் காலடியில் வீழும் வீரனையே விரும்பி வரைந்தது. கைதியின் புண் அங்கும் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

அந்தப் புண்ணை ஏராளமாக வரைந்து வைத்த ஓவியத் தொகுதி ஒன்று இரண்டாம் உலகப் போரிலிருந்து நமக்கு எஞ்சியிருக்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மறைவாக வரைந்த படங்கள் அவை. அவற்றை எப்படிப் படிப்பது, அவை எதைச் சொல்கின்றன, யாரைப் பற்றிச் சொல்லாமல் விடுகின்றன என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் பின்னணி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் பல்லாயிரவர் ஜப்பானியரின் கைதிகளாயினர். பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது இடர் மிகுந்ததாக மாறவே, தாய்லாந்தின் பான் போங் முதல் பர்மாவின் தன்பியூசாயட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை அமைக்க ஜப்பானியத் தலைமை முடிவு செய்தது. 1942 நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. இரு முனையிலிருந்தும் இடப்பட்ட தண்டவாளங்கள் 1943 அக்டோபரில் இணைந்தன. பாறையும் காடும் மழையும் நிறைந்த அந்த நிலத்தில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர்.

கைதிகளின் புண் எப்படி உண்டாயிற்று என்பதை அறியாமல் அந்த ஓவியங்களைப் படிக்க இயலாது. மூங்கிலை வெட்டும்போதோ கல்லை உடைக்கும்போதோ முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு கீறல் விழும். நல்ல உணவு உண்ணும் உடலில் அது சில நாளில் ஆறிவிடும். மட்ட அரிசிச் சோற்றையும் நீர்த்த குழம்பையும் உண்டு, மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் மெலிந்துபோன உடலில் அது ஆறாது. கிருமி பற்றி, சதை அழுகி, சில நாட்களிலேயே உள்ளங்கை அளவுக்குப் பரவி, முழங்காற்குழி வரை ஏறி, கால் எலும்பை வெளியே காட்டும். மருத்துவர்கள் இதை வெப்பமண்டலப் புண் என்றார்கள். மருந்து இல்லை, மயக்க மருந்தும் பெரும்பாலும் இல்லை. விளிம்பு தீட்டப்பட்ட கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பதே வழக்கமான சிகிச்சை. அதுவும் பயனளிக்காதபோது காலையே அறுத்து எடுத்தார்கள். ஒரு முள் கீறலுக்கும் உறுப்பிழப்புக்கும் இடையே சில வாரங்களே இருந்தன.

இதை அருகிலிருந்து வரைந்தவர்களுள் முதன்மையானவர் ஜாக் சால்க்கர். 1918இல் லண்டனில் பிறந்தவர். ராயல் கலைக் கல்லூரியில் பயில உதவித்தொகை பெற்ற மாணவர். போர் மூண்டதால் பீரங்கிப் படையில் சேர்ந்து சிங்கப்பூரில் கைதியானார். கொன்யூ முகாமில் அவர் வரைந்துகொண்டிருந்ததைக் காவலர் கண்டுபிடித்தனர். படங்கள் கிழிக்கப்பட்டன; அவர் கடுமையாக அடிக்கப்பட்டார். அதன் பின்னும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. நோயுற்றுச் சுங்காய் மருத்துவ முகாமுக்கு வந்தபின், ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப்போடு சேர்ந்து, புண்களையும் அறுவைகளையும் மூங்கிலால் செய்த மருத்துவக் கருவிகளையும் முறையாகப் பதிவு செய்யத் தொடங்கினார். படங்களை மூங்கில் குழாய்களில் அடைத்துப் புதைத்தும், அத்தாப்புக் கூரைகளில் செருகியும் காத்தார்.

அவர் தனியாள் அல்லர். ஃபிலிப் மெனின்ஸ்கி, ஆஷ்லி ஜார்ஜ் ஓல்ட் ஆகியோரும் மருத்துவர்களின் வேண்டுகோளுக்கிணங்க நோயாளிகளை வரைந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் மேஜர் ஆர்தர் மூன் பாதுகாத்துவைத்த இத்தகைய படங்களின் தொகுப்பு இன்று விக்டோரியா மாநில நூலகத்தில் உள்ளது. லியோ ராலிங்ஸ் தலைமுடியால் தூரிகை செய்துகொண்டு வரைந்தார். பின்னாளில் கேலிச்சித்திரக்காரராகப் புகழ்பெற்ற ரொனால்ட் சேர்ல் கைதியானபோது அவருக்கு வயது 21. காலரா நோயாளிகளின் படுக்கைகளுக்கு அடியில் அவர் தம் படங்களை ஒளித்துவைத்தார். தொற்றுக்கு அஞ்சிய காவலர்கள் அங்கே கைவைக்க மாட்டார்கள் என்பதே காரணம். மரணத்தை நெருங்கிய உடல்கள் ஓவியத்தின் பொருளாகவும் அதன் காவலாகவும் இருந்தன. அவர் காப்பாற்றிய ஏறத்தாழ 300 படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இனி இந்த ஓவியங்களின் இயல்பைப் பார்ப்போம். சால்க்கரின் புண் ஆய்வுப் படங்கள் பலவற்றில் முகம் இல்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை மட்டும் இருக்கும்; புண்ணின் ஓரம், ஆழம், நிறம், எலும்பு தெரியும் இடம் ஆகியவை மெல்லிய நீர்வண்ணத்தில் துல்லியமாகத் தீட்டப்பட்டிருக்கும். பார்ப்பவரிடம் இரக்கத்தை யாசிக்கும் எதுவும் அதில் இல்லை. ஓவியக் கல்லூரியின் உடற்கூற்றுப் பயிற்சியும் மருத்துவரின் தேவையும் சந்தித்த இடத்தில் அந்தக் காட்சிமுறை பிறந்தது. படங்கள் சிறியவை. ஒளித்துவைப்பதற்கு ஏற்ற அளவே அவற்றின் அளவு. கிடைத்த தாளே அவற்றின் தாள். ஆக, அவை வரையப்பட்ட சூழ்நிலையை அவற்றின் உடலே அறிவிக்கிறது.

இவ்விடத்தில் என் துறையிலிருந்து ஒரு கருத்தைக் கடன் வாங்குகிறேன். ஒரு செய்தியைச் சொல்பவர் அதை எப்படி அறிந்தார் என்பதை இலக்கண வடிவத்தாலேயே காட்டும் மொழிகள் பல உண்டு. மொழியியலில் இதைச் சான்றுநிலை எனலாம். துருக்கி மொழியில் நேரில் கண்டதற்கு ஒரு விகுதி, கேட்டறிந்ததற்கும் ஊகித்ததற்கும் வேறொரு விகுதி. தமிழில் இது கட்டாயமில்லை; ஆயினும் வசதி உண்டு. 'புண் இருந்தது' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'புண் இருந்திருக்கும்' என்றால் தடயங்களிலிருந்து ஊகிக்கிறார். 'புண் இருந்ததாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டு நமக்குக் கடத்துகிறார். இந்த 'ஆம்' இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியின் மூலம் வேறொருவர் என்கிறது. அதன் உண்மைக்கு நான் பிணையில்லை என்றும் மெல்லக் கைகழுவுகிறது. ஐயம் அந்த விகுதிக்குள்ளேயே உறைந்திருக்கிறது.

ஓவியங்களையும் இவ்வாறு பகுத்துப் பார்க்கலாம். சால்க்கரும் சேர்லும் 'இருந்தது' என்று வரைந்தவர்கள். 'இருந்ததாம்' என்று வரைந்தவருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மர்ரே கிரிஃபின். ஆஸ்திரேலிய அரசு அதிகாரபூர்வமாக நியமித்த போர் ஓவியரான அவர், சிங்கப்பூர் வீழ்ந்தபோது தாமும் கைதியாகி, போர் முடியும்வரை சாங்கியில் இருந்தார். அங்குள்ள ராபர்ட்ஸ் மருத்துவமனையை நேரில் கண்டு வரைந்தார். ரயில் பாதைக்கு அவர் அனுப்பப்படவே இல்லை. 1943 ஏப்ரலில் 'எஃப் படை' என்ற பெயரில் சாங்கியிலிருந்து கிளம்பிய 7,000 பேரில் 3,000க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. எஞ்சியவர்கள் அந்த ஆண்டின் இறுதியில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களது உடலைக் கிரிஃபின் கண்டார். அவர்கள் பேச்சைக் கேட்டார். 1946இல் அவர் தீட்டிய, தாய்லாந்து ரயில் பாதையின் மருத்துவக் கூடத்தைக் காட்டும் எண்ணெய் ஓவியம் அப்படிக் கேட்டதிலிருந்து உருவானது.

கேட்டு வரைந்ததால் அது பொய்யாகிவிடுமா? ஆகாது. கிரிஃபினின் படத்தில் முழுக் கூடமும் தெரிகிறது. சால்க்கரின் தாளில் ஒரு கால் தெரிகிறது. பலருடைய வாய்மொழியைத் திரட்டியவருக்கே அந்த விரிந்த காட்சி வாய்க்கும். ஒளிந்திருந்து அவசரமாக வரைபவருக்குக் கண்முன் இருப்பது மட்டுமே வாய்க்கும். இரண்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள். எது எவ்வகை என்று தெரிந்து பயன்படுத்துவதே ஆய்வாளரின் கடமை. அருங்காட்சியகச் சுவரிலும் பாடநூல் பக்கத்திலும் அவை அருகருகே இடம்பெறும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. படத்தின் கீழே தரப்படும் ஆண்டை மட்டும் பார்த்தாலே போதும், பாதி விளங்கும்.

நேரில் கண்டு வரைந்த படங்களின் ஆற்றலும் பெரிது. போர் முடிந்ததும் சால்க்கர் பாங்காக்கில் ஆஸ்திரேலியப் படைத் தலைமையகத்தோடு இணைந்து ஓவியராகப் பணியாற்றினார். கைதிகளின் நிலையைப் பற்றிய சாட்சியம் போர்க்குற்ற விசாரணைகளில் எழுந்தபோது, மருத்துவர்களின் வாய்மொழியோடு மெனின்ஸ்கி போன்றோரின் படங்களும் சான்றாகப் பயன்பட்டன. பர்மாப் பக்கத்து முகாமில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை அறுத்தெடுக்க நேர்ந்த அறுவை மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ் 1946இல் டோக்கியோ விசாரணை மன்றத்தில் நேரில் சாட்சி சொன்னார். மருத்துவருக்காக வரையப்பட்ட கால், இவ்வாறு மெல்ல நீதிமன்றத்துக்கு நடந்து சென்றது.

இதுவரை சொன்னது போர்க்கைதிகளின் கதை. அதே பாதையில், அதே மழையில், அதே மூங்கிற்காட்டில் அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர் ஆகியோரோடு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் இருந்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் சென்றதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பான்மையினர் தமிழர். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், பின்னர் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் ஏற்றி அனுப்பினார்கள். சிலர் குடும்பத்தோடு சென்றனர். ஆசியத் தொழிலாளர்களுள் மொத்தம் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. இந்த வாக்கியங்களின் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். போர்க்கைதிகளைப் பற்றி 'இறந்தனர்' என்று எழுத முடிந்தது. தொழிலாளர்களைப் பற்றி 'மாண்டதாக மதிப்பீடு உண்டு' என்றே எழுத முடிகிறது. கைதிகளின் பெயர்கள் படைப்பிரிவுப் பட்டியலில் இருந்தன; காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கின்றனர். தொழிலாளர்களுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. ஆகவே வரிசையும் இல்லை.

தமிழ்த் தொழிலாளியின் காலிலும் அதே மூங்கில் முள்தான் கீறியது. அந்தக் காலை அருகமர்ந்து வரைந்த சால்க்கர் அவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை? ஓவியத் திறமை ஓரினத்துக்கு உரியது என்பதால் அல்ல. கைதி ஓவியம் என்பது தனிமனிதத் துணிச்சலால் மட்டும் உருவானதன்று. ஓர் அமைப்பின் விளைபொருள். கட்டாயப் படைச் சேர்ப்பு கலைக்கல்லூரி மாணவனையும் முகாமுக்குக் கொண்டுவந்தது. 'இதை வரை, பின்னர் தேவைப்படும்' என்று கேட்கும் மருத்துவர் அங்கே இருந்தார். படத்தை ஒளிக்க உதவும், காட்டிக்கொடுக்காத படைத்தோழமை இருந்தது. போர் முடிந்ததும் அதைப் பெற்றுக்கொள்ளத் தலைமையகமும், கேட்க ஒரு நீதிமன்றமும், பாதுகாக்க அருங்காட்சியகமும் இருந்தன. இந்தக் கண்ணிகளுள் ஒன்று அறுந்திருந்தாலும் அந்தப் படங்கள் மண்ணிலேயே மக்கியிருக்கும். தோட்டத் தொழிலாளியின் பக்கத்தில் இவற்றுள் ஒரு கண்ணியும் இல்லை. போர்க்கைதிகளின் முகாமில் மருந்தின்றித் தவித்த மருத்துவராவது இருந்தார்; தொழிலாளர் முகாம்கள் பலவற்றில் மருத்துவரே இல்லை. 1943இல் காலரா பரவியபோது அம்முகாம்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. அதன் பிறகே சாங்கியிலிருந்து 'கே படை', 'எல் படை' என்ற பெயர்களில் கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டும் சேர்ந்து சில நூறு பேர்தான்.

சட்டமும் இந்த ஏற்றத்தாழ்வில் பங்கேற்றது. 'போர்க்கைதி' என்பது ஒரு சட்டச் சொல். 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்ததே தவிர அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் அச்சொல்லைச் சுட்டி, பின்னர் குற்றம் சாட்ட முடிந்தது. தொழிலாளியைச் சுட்ட ஜப்பானியரிடம் இருந்த சொல் 'ரோமுஷா'. ஆங்கிலக் குறிப்புகளில் வழங்கிய சொல் 'கூலி'. தமிழில் கூலி என்பது ஒருவன் பெறும் ஊதியம். ஆங்கிலத்தில் அதுவே ஆளின் பெயராகிவிட்டது. பெறாத ஊதியத்தின் பெயரால் அழைக்கப்பட்டு இறந்தவர்களை என்னவென்று சொல்வது?

ஆக, அவர்களுடைய புண் நம்மிடம் 'ஆம்' விகுதியோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. கைதிகளின் நாட்குறிப்புகளில் ஓரமாக வரும் வரிகள், தப்பிப் பிழைத்த முதியவர்களிடம் மலேசியாவில் பிற்காலத்தில் எடுத்த நேர்காணல்கள், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் ஆகியவையே நம் கையிருப்பு. 'ஆம்' விகுதி தன்னோடு கொண்டுவரும் ஐயமும் அவர்கள் மீதே படிகிறது. எண்ணிக்கை உறுதியில்லை, ஆவணம் இல்லை என்ற காரணங்களால் அவர்கள் அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆவணம் இல்லாமைக்கான காரணமும் அந்தக் கொடுமையின் ஒரு பகுதியே என்பது மறக்கப்படுகிறது.

கைதி ஓவியங்கள் தொழிலாளர்களை மறைத்துவிட்டன, ஆகவே அவற்றை ஒதுக்க வேண்டும் என்ற வாதத்தைச் சில கருத்தரங்குகளில் கேட்கலாம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உயிரைப் பணயம் வைத்து வரைந்தவர்கள் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அதோடு, தமிழ்த் தொழிலாளியின் புண் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இன்று நமக்கிருக்கும் மிக நெருங்கிய கண்கண்ட சான்று சால்க்கரின் நீர்வண்ணப் படங்களே. நோய் ஒன்று, முள் ஒன்று, பட்டினி ஒன்று. ஆனால் அங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. படத்திலுள்ள கால் சிகிச்சை பெற்ற கால். சுரண்ட ஒரு கரண்டியும், கட்ட ஒரு துணியும், அறுக்க ஒரு மருத்துவரும் கிடைத்த கால். தொழிலாளியின் காலுக்கு இவை பெரும்பாலும் கிடைக்கவில்லை. எனவே கைதியின் படத்தைத் தொழிலாளியின் படமாக அப்படியே மாற்றி ஒட்டக்கூடாது. அதிலிருந்து புறப்பட்டு 'இருந்திருக்கும்' என்ற ஊக வாக்கியத்தை, காரணம் காட்டி எழுத வேண்டும்.

இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்கு மூன்று பணிகளைச் சுட்டுவேன். முதலாவது, இந்த ஓவியங்களைப் புண்ணுக்காக மட்டும் பார்க்காமல் ஓரங்களுக்காகவும் பின்னணிக்காகவும் பார்ப்பது. முகாமுக்கு வெளியே நடப்பவர் யார், பாதையோரம் நிற்பவர் யார் என்று கேட்பது. இரண்டாவது, கே படை, எல் படை மருத்துவர்களின் அறிக்கைகளைத் தமிழ் வாய்மொழிச் சான்றுகளோடு முகாம்வாரியாக ஒப்பிடுவது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவரால் இதைச் செய்ய இயலாது. தமிழ் மட்டும் அறிந்தவராலும் இயலாது. மூன்றாவது, நேர்காணல்களை எழுத்துப்பெயர்க்கும்போது 'ஆம்' விகுதியை அழித்துவிடாமல் காப்பது. 'செத்தாங்க' என்று ஒரு முதியவர் சொன்னதற்கும் 'செத்தாங்களாம்' என்று சொன்னதற்கும் உள்ள தொலைவு, அவர் அந்தக் குழியின் விளிம்பில் நின்றாரா இல்லையா என்பதன் தொலைவு. மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், நேரில் கண்ட ஒரு சாட்சியை நாமே இன்னொரு முறை இழக்கிறோம். அப்படிப்பட்ட சாட்சிகள் நம்மிடம் அதிகம் இல்லை.